எழுதிக் கொடுக்கிறவன்

பாலை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். உடையார்கட்டில் எங்கள் பால் சங்கத்தின் சேகரிப்பு நிலையத்துக்கு நான் பொறுப்பு. பெயர் கனகலிங்கம். காலையில் கான்கள் வந்து இறங்கியதும் பால்மானியை விட்டுப் பார்ப்பேன், மணந்து பார்ப்பேன், கொண்டு வந்தவரின் முகத்தையும் பார்ப்பேன். தண்ணீர் கலந்த பாலைவிடத் தண்ணீர் கலந்தவரின் முகம் இலகுவில் பிடிபடும். இந்த வேலையில் இருந்து இருந்து எனக்கொரு குணம் வந்துவிட்டது. யாரையாவது நல்லவர் என்று ஊர் சொன்னால் அவரைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பேன். என் மனைவி விமலேஸ்வரி இதை ஒரு வருத்தம் என்கிறாள். மருந்து எடுக்கச் சொல்லியும் இருக்கிறாள்.

சுஜிதனை ஊர் நல்லவன் என்றுதான் சொன்னது. விசுவமடுவில் பிறந்தவன். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதெல்லாம் யுத்தகால இடம்பெயர்வில் போய்விட்டது. பிறகு வவுனியாவில் ஒரு கலியாண வீடியோக்காரரிடம் லைற் பிடிக்கிற வேலை. தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் மணமக்களைப் பார்க்க, அவன் மட்டும் மூலையில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம். லைற் ஆடுகிறது என்று ஏச்சு வாங்கியிருக்கிறான். சுதாஜினியைக் கட்டிய பிறகு உடையார்கட்டுக்கு வந்தான். ஒரு பெண் குழந்தை. மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கான்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பால் எடுத்து வந்து என்னிடம் இறக்குவது அவன் தொழில். சங்கத்தின் சட்டம் சுருக்கமானது. வீட்டுக்காரர் பால் தரும்வரைதான் அந்தப் பாதை அவனுடையது. அவர்கள் மறுத்தால் வேறொருவருக்குப் போய்விடும். பாதை போனால் அவன் வீட்டில் அடுப்பு எரிய வேறு வழியில்லை.

ஆள் அதிகம் கதைக்காதவன். கானை இறக்குவான், கழுவுவான், போய்விடுவான். அப்படிப்பட்டவன் திடீரென்று கதைக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு மூக்கில் வேர்த்தது.

முதலில் கண்ணில் பட்டது குளக்கட்டு. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவன் அந்தக் கட்டின் மேல் ஏறி நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தான். அங்கே நின்றால் றோட்டில் போகிற வருகிற ஆட்கள் எல்லோரும் தெரிவார்கள்.

"சிக்னலுக்குத்தான் அண்ணை ஏறுறன்" என்றான்.

சிக்னல் எங்கள் நிலைய வாசலிலும் இருக்கிறது. அதைச் சொன்னேன்.

"இங்க நிண்டா நீங்கள் எல்லாம் கேப்பியள்" என்று சிரித்தான்.

நான் கேட்கக்கூடாத கதை என்ன கதை? கேட்டால் இன்னும் ஒளிப்பான் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கண்ணை மூடவில்லை. பால் எடுக்கப் போகிற வழியிலும் அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் போனுக்குள் ஏதோ முணுமுணுக்கிறான் என்று பிறகு அறிந்தேன்.

அடுத்தது கேள்விகள். ஒருநாள் விமலேஸ்வரி குசினியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பெடியனுக்கு என்ன பிடிச்சது? நாங்கள் முகாமால வந்த அண்டைக்கு வீட்டுக் கதவை ஆர் முதல் திறந்தது எண்டு கேக்கிறான். கதவு இருந்தாத்தானே திறக்கிறதுக்கு எண்டன். அப்ப அந்த வெறும் நிலைக்குள்ளால ஆர் முதல் கால் வைச்சது, கையில என்ன இருந்தது எண்டு கேக்கிறான்."

"நீ என்ன சொன்னனீ?"

"அவரிட்டக் கேளும் எண்டன். எனக்கு ஞாபகமில்லை எண்டு சொன்னன். ஞாபகமிருக்கு. கையில ஒரு சருவச்சட்டி இருந்தது. அதை ஏன் அவனுக்கு?"

இந்த மாதிரிக் கேள்விகளை எங்கள் ஊர் ஒருவகை ஆட்களிடமிருந்துதான் கேட்டுப் பழகியிருக்கிறது. அவர்கள் சிவில் உடுப்பில் வருவார்கள். கதிரை கொடுத்தால் இருப்பார்கள், தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார்கள், பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள். பெரிய விசயம் எதுவும் கேட்க மாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினவர், கூட ஆர் நின்றது, வெளிச்சமா இருட்டா, இவ்வளவுதான். சுஜிதன் கேட்டதும் இதே கேள்விகள்தான்.

எல்லாவற்றையும் கெடுத்தது அப்புத்துரை வீட்டில் நடந்தது. அப்புத்துரைக்குப் பத்துப் பரப்பில் வயலும், நாலு மாடும், பெரிய வாயும் உண்டு. இடம்பெயரும்போது தன் தண்ணீர்ப் பம்பைக் காணிக்குள் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து தோண்டி எடுத்து, துடைத்து, மண்ணெண்ணெய் விட்டு ஒரே இழுவையில் இயக்கிய கதையை அவர் கேட்கிறவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொல்லுவார். கலியாண வீட்டில் சொல்லுவார், செத்த வீட்டிலும் சொல்லுவார். அந்தக் கதையைச் சுஜிதன் படலையில் நின்று கேட்டிருக்கிறான். கேட்டு முடித்துவிட்டு, "எந்தப் பக்கம் தாட்டனீங்கள் ஐயா? எவ்வளவு ஆழம்? தாட்டதை ஆர் ஆர் பாத்தது?" என்றிருக்கிறான்.

தாட்டது, கிண்டியது என்ற கதை எங்கள் பக்கத்தில் விளையாட்டு இல்லை. எங்கோ நகை தாட்டிருக்கிறது, எங்கோ வேறு என்னவோ தாட்டிருக்கிறது என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அடுத்த கிழமை மெசின் கொண்டு வந்து காணியைக் கிண்டிப்போடுவார்கள். அப்புத்துரைக்கு அன்றைக்குத்தான் தன் கதைக்குள் தோண்டிய கிடங்கு ஒன்று இருப்பது தெரிந்திருக்கிறது. மனிசன் வெலவெலத்துப் போனார். அவர் முகத்தைப் பார்த்துச் சுஜிதன் ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதல்தான் அவன் தலையில் விழுந்த இடி.

"பயப்பிடாதேங்கோ ஐயா. உங்கடை கதையை நான் வடிவா எழுதிக் குடுக்கப் போறன்."

தமிழ்நாட்டில் ஒருவருக்கு இது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கதை என்றால் வாயால் கதைப்பதும்தான். எழுதிக் கொடுப்பது என்றால் ஒன்றே ஒன்றுதான். ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு, அவருக்குத் தெரியாமல். அவன் சொன்னது ஒரு வகுப்பில் எழுதிக் கொடுக்கிற கதையை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்புத்துரையின் காதில் விழுந்தது, நீ கதைத்ததை எல்லாம் நான் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று. அதையும் வடிவாக, ஒன்றும் விடாமல்.

அடுத்த நாள் அப்புத்துரை வீட்டுப் படலை திறக்கவில்லை. "மாடு கறவை நிண்டிட்டுது" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்ததாம். நாலு மாடும் ஒரே இரவில் நின்றுவிட்டன. பிறகு பக்கத்து வீட்டு மாடுகளும் நின்றன. கானில் பால் குறையக் குறைய, மிஞ்சியவர்களும் பயந்தார்கள். சுஜிதன் அரைக் கானோடு வந்து இறக்கினான். நான் அவனைக் கதிரையில் இருத்தினேன்.

"தம்பி, நீ ஆருக்கு எழுதுறாய்?"

அப்போதுதான் அவன் சொன்னான். யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுக்கிற சிவதர்சினி என்கிற ஒரு பிள்ளை சனிக்கிழமைகளில் போனில் திரைக்கதை வகுப்பு எடுக்கிறாளாம். முடிவில் ஒருவருடைய கதையைத் தானே படமாக எடுப்பாளாம். முதல் வகுப்பிலேயே அவள் சொல்லிவிட்டாளாம்: நினைத்தான், கவலைப்பட்டான் என்று எழுதக்கூடாது, கமரா நினைப்பைப் பிடிக்காது.

"கண்ணுக்குத் தெரியிறதும் காதுக்குக் கேக்கிறதும் மட்டும்தான் எழுதலாம் அண்ணை. அதுதான் எல்லாரிட்டையும் கையில என்ன இருந்தது எண்டு கேக்கிறன்."

"கண்ணுக்குத் தெரியிறதும் காதுக்குக் கேக்கிறதும் மட்டும் எழுதுற ஆக்களை எனக்குத் தெரியும். அவங்கள் படம் எடுக்கிறேல்லை."

"நான் அப்பிடி ஆள் இல்லை."

"படம் எண்டால் காட்டு."

"படம் இன்னும் எடுக்கேல்லை. எழுத்துத்தான்."

அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். பாடுகிறவன் பாடிக் காட்டலாம், சித்திரம் கீறுகிறவன் கீறிக் காட்டலாம். எடுக்காத படத்துக்கு எழுதுகிறவன் எதைக் காட்டுவான்? எழுத்தைக் காட்டினால் இடம், நேரம், ஆட்கள், யார் எந்தப் பக்கத்தால் வந்தார் என்றுதான் இருக்குமாம். அதைக் கொண்டுபோய் அப்புத்துரையின் கையில் கொடுத்தால் ஊரைவிட்டே துரத்தியிருப்பார்கள். அவன் சொன்னதை நான் நம்பினேனா என்றால், இல்லை. பொய் சொல்கிறான் என்றும் சொல்லமாட்டேன். பால்மானி நடுவில் நின்று ஆடுகிற மாதிரி ஒரு நிலை. சுதாஜினி மட்டும் அன்று பின்னேரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "அண்ணை, பாதையை மட்டும் எடுத்துப் போடாதேங்கோ" என்று அழுதுவிட்டுப் போனாள். அந்த அழுகையில் கலப்படம் இல்லை. அது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வேலை முடிந்த பிறகு, பால் தருகிறவர்களை நிலைய விறாந்தைக்குக் கூப்பிட்டேன். பிளாஸ்ரிக் கதிரைகள் போதாமல் சிலர் வெறும் கான்களைக் கவிழ்த்து அதில் இருந்தார்கள். அப்புத்துரை முன்வரிசை. பின்னால் தூணோடு சாய்ந்து அனோஜா நின்றாள். புருசன் கட்டாருக்குப் போய்விட, ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு தனியே இருக்கிற பிள்ளை. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சுஜிதனுக்குப் பால் கொடுத்த இரண்டு மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

"படக் கதை எண்டு சொல்லுறான்" என்றேன். "சொல்லிக் காட்டட்டும். கேப்பம். பிறகு முடிவெடுப்பம்."

"பேர் கீர் சொல்லாமச் சொல்லு" என்றார் அப்புத்துரை. "என்ரை பம்பைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது."

சுஜிதன் எழும்பி நின்றான். வியர்த்துக் கொட்டியது. "ஒரு காட்சி மட்டும் சொல்லுறன். ரீச்சர் நல்லது எண்டு சொன்ன காட்சி. இடம் கொக்கிளாய். அந்தப் பொம்பிளையின்ர பேர் றோஸ்மேரி."

"கொக்கிளாய் மீன் பிடிக்கிற ஊரெல்லோ" என்றார் அப்புத்துரை.

"கேளுங்கோ ஐயா. விடியப்புறம். வீட்டு முற்றம். றோஸ்மேரி மாடு கறக்கப் போறா. வேலியோரம் ஒரு நாம்பன் கண்டுக்குட்டி எழும்ப மாட்டாமக் கிடக்குது. அவா அதைத் தூக்கி நிமித்தி, தாய் மாட்டின்ர மடியில விட்டு, விழாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. அது குடிக்குது. கன நேரம் குடிக்குது. பிறகு அவா கறக்கிறா. வாளியில பாதிக்கும் பால் இல்லை. வாளியைப் பாக்கிறா. கிணத்தடிக்குப் போறா. றோட்டைப் பாக்கிறா, ஒருத்தரும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணி வாளிக்குள்ள ஊத்துறா. ரோசா நிற ஐஸ்கிறீம் பெட்டி மூடியால மூடுறா. தூரத்தில மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்குது. முகத்தைத் துடைச்சுப்போட்டுப் படலையைத் திறக்கிறா. அவ்வளவுதான். ஒரு கதை பேச்சும் இல்லை, எல்லாம் பார்வைதான்."

சொல்லும்போது அவனுக்குத் திக்கவில்லை. கண் எங்கேயோ இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த முற்றம் தெரிந்தது, அந்தக் கன்றின் கால் நடுங்கியதும் தெரிந்தது. இவன் எழுதத் தெரிந்தவன்தான் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். அடுத்த நேரம் பார்த்தால், சபையில் ஒருவரும் சுஜிதனைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி அனோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரோசா நிற மூடி போட்ட வாளி உடையார்கட்டில் ஒரு வீட்டுப் படலையில்தான் தொங்கும். றோட்டால் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அது தெரியும். பாவி, ஊரை மாற்றினான், பெயரை மாற்றினான், சமயத்தையும் மாற்றினான், மூடியை மாற்றவில்லை. பொதுவாக எழுதாதே, குறிப்பாக எழுது என்று அந்த ரீச்சர் சொல்லியிருக்கிறாள். நல்ல மாணவன், சொன்னதைச் செய்துவிட்டான்.

"இது நீ எப்ப கண்டது?" என்று அப்புத்துரை கேட்டார்.

சுஜிதனுக்கு அப்போதுதான் விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், சில மாதங்களுக்கு முன் சங்கிலி கழன்று மோட்டார் சைக்கிளை வேலியோரம் தள்ளிக்கொண்டு வந்தபோது கண்டதாக.

"கண்டும் கனகலிங்கத்துக்குச் சொல்லேல்லையோ?"

"இல்லை ஐயா."

"ஒருத்தருக்கும்?"

"இல்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய பாலை மற்றவர்களின் நல்ல பாலோடு ஒரே கானில் ஊற்றி, என் பால்மானியை மாதக்கணக்காக ஏமாற்றியிருக்கிறான். என் மூக்குக்குக் கீழே! ஆனால் சபை வேறு கணக்குப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அப்புத்துரை கதிரையில் நன்றாகச் சாய்ந்தார்.

"இதையே சொல்லாதவன் எங்களைப் பற்றி ஆருக்குச் சொல்லப் போறான்? நாளைக்கு வா தம்பி. மாடுகள் திரும்பக் கறக்குது."

சிலர் சிரித்தார்கள். பாதை தப்பியது. சுஜிதன் சிரிக்கவில்லை. அவன் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அனோஜா தூணை விட்டு நிமிர்ந்து நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கே ஏலவில்லை.

"எழுதிக் குடுத்தாத்தானே பிழை" என்றாள். "நீங்கள் எழுதவேயில்லை. வாயாலயே குடுத்திட்டியள் அண்ணா."

அவள் போய்விட்டாள்.

இருபது பேர் முன்னால் கேட்டதை நான் கேட்காத மாதிரி இருக்க முடியாது. சங்கத்துக்கு அறிவித்தேன். முழுக்க நிறுத்தாமல், அவள் தானே பாலை நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும், கண்முன்னால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவானது. அவள் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாள். வாளியை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பால்மானி ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் மணந்து பார்ப்பதையும் பார்ப்பாள். பால் குறைவு, ஆனால் சுத்தம்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் வாய் திறந்தாள்.

"அண்ணை, அண்டைக்கு அவர் சொன்னதில உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

நான் யோசித்தேன். "டம்ளர்" என்றேன். "றோட்டைப் பாத்தது."

"எல்லாருக்கும் அதுதான். நான் கண்டுக்குப் பால் விட்டதையும்தான் சொன்னவர். வளந்தாலும் பால் தராத நாம்பன் கண்டுக்கு ஆர் பால் விடுவினம்? இறைச்சிக்காரனுக்குக் குடு எண்டு எத்தனை பேர் சொன்னவை! அதை ஒருத்தரும் கேக்கேல்லை. தண்ணியைக் கடைசியில வைச்சுச் சொன்னார். கடைசியில வைக்கிறதுதானே ஆக்களுக்கு நிக்கும். அவரிட்டச் சொல்லுங்கோ."

சொன்னேன். கானைக் கழுவிக்கொண்டிருந்த சுஜிதன் தண்ணீரை மூட மறந்து நின்றான். பிறகு அவன் பால் தருகிறவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. அப்புத்துரை தானாகவே படலையில் மறித்துப் பம்பின் ஆழத்தைச் சொன்னாராம். இப்போது அவருக்குத் தன் கதை படத்தில் வராதோ என்று கவலை. சுஜிதன் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்திருக்கிறான்.

கொஞ்ச நாளில் அனோஜாவின் பால் கூடியது. வாளி கழுத்துவரை வந்தது. எனக்கு உடனே சந்தேகம். ஒற்றை மாடு, அதே தீவனம், எப்படிக் கூடும்? பால்மானியை இரண்டு முறை விட்டேன். சுத்தம். மணந்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுத்தம். புதுக் கள்ளம் ஏதோ பழகிவிட்டாள், நான்தான் பிடிக்கத் தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்தேன். விமலேஸ்வரியிடம் சொன்னபோது, "உங்களுக்குப் பால் குறைஞ்சாலும் குற்றம், கூடினாலும் குற்றம்" என்றாள்.

அப்படி நான் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற ஒரு காலை, சுஜிதன் கான்களோடு வந்து இறங்கினான். அனோஜாவைக் கண்டதும் கானை நிலத்தில் வைத்தான்.

"தங்கச்சி, அந்தக் காட்சியை மாத்திப்போட்டன். ரீச்சருக்கு இன்னும் அனுப்பேல்லை. உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் அனுப்புவன். வேண்டாம் எண்டால் விட்டிடுறன். சொல்லட்டோ?"

அவள் போகாமல் நின்றாள். அவன் சொன்னான். இந்த முறை முதலில் கிணற்றடி. முதலில் தண்ணீர், றோட்டு, பயந்த பார்வை. பார்க்கிறவர்கள் எல்லோரும் கள்ளி என்று நினைத்து முடிந்த பிறகு அவள் முற்றத்துக்குத் திரும்பி வருகிறாள். எழும்ப மாட்டாத கன்றைத் தூக்கி நிமிர்த்துகிறாள். மடியில் விடுகிறாள். படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்று ஹோர்ன் அடிக்கிறது. அவள் அசையவில்லை. கன்று குடித்து முடியும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதோடு முடிகிறது.

சொல்லிவிட்டு அவன் அவளைப் பார்த்தான். அவள் வாளியின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அனுப்புங்கோ" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கண்டு செத்துப் போச்சு, அண்ணை. அதுதான் பால் கூட. நீங்கள் இனி மணந்து பாக்கத் தேவையில்லை."